கைதியாக வந்து விவசாயியான பாட்டனாரைத் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இப்போது மருமகனோ மருமகளோ ஆங்கிலேய, ஐரிஷ் வழியில் வந்தவராக இருப்பது சாதாரணமாகிவிட்டது. பேரப்பிள்ளைக்குப் பள்ளியில் வம்சாவளிப் படம் வரையச் சொல்கிறார்கள். அப்போதுதான் சம்பந்தி வீட்டுப் பக்கம் ஒரு கைதி இருந்தது தெரியவருகிறது. அதற்கப்புறம் என்னிடம் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"கன்விக்ட்னா கொலைகாரரா? வீட்ல சொல்லவே சங்கடமா இருக்கே."

பெரும்பாலும் திருட்டு வழக்குகள்தான். துணி, சட்டைப்பைக் கடிகாரம், ஆடு, வேலை பார்த்த வீட்டு வெள்ளிக் கரண்டி என்று அன்றைய பிரிட்டனில் மரண தண்டனை வரை போகக்கூடிய குற்றங்கள். தூக்குக்குப் பதிலாக நாடு கடத்தினார்கள். முன்பு அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கா விடுதலைக்காகப் போரிடத் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. பழைய கப்பல்களைச் சிறையாக்கி ஆற்றோரத்தில் நிறுத்தி வைத்தார்கள். அவையும் நிரம்பியபின் 1787இல் முதல் கப்பல் தொகுதியை நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்பினார்கள். 1868 வரை சுமார் 1,62,000 பேர் இப்படி ஆஸ்திரேலியாவுக்கு வந்தார்கள். தண்டனை பொதுவாக 7 ஆண்டு, 14 ஆண்டு அல்லது ஆயுள்.

"பசிக்கு ஒரு ரொட்டி திருடினார்" என்று பல வீடுகளில் சொல்வார்கள். அதை அப்படியே எழுதி வைக்க வேண்டாம். பலருக்கு அது முதல் வழக்காக இருக்காது. அரசியல் காரணத்துக்காக அனுப்பப்பட்டவர்களும் உண்டு. 1798 கிளர்ச்சியில் பிடிபட்ட ஐரிஷ்காரர்கள் வந்தார்கள். கூலி உயர்வுக்காகச் சங்கம் சேர்ந்த டால்படில் கிராமத்து விவசாயக் கூலிகள் ஆறு பேர் 1834இல் வந்தார்கள். உங்கள் ஆள் யார் என்று ஆவணம் சொல்லும்வரை நல்லவர், கெட்டவர் என்று எந்த முடிவுக்கும் வர வேண்டியதில்லை.

"பேர் மட்டும்தான் தெரியும். எங்கே ஆரம்பிக்கிறது?"

கைதியிடமிருந்து ஆரம்பிக்காதீர்கள். உயிரோடு இருப்பவர்களிடமிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். நடுவில் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்தால் வேறு குடும்பத்துப் பாட்டனாரைத்தான் கொண்டாட வேண்டியிருக்கும்.

நியூ சவுத் வேல்ஸில் அரசுப் பதிவு 1856 மார்ச்சில் தொடங்கியது. அதற்குப் பிந்தைய இறப்புச் சான்றிதழ் ஒரு புதையல். பெற்றோர் பெயர், பிறந்த ஊர், திருமணம், பிள்ளைகள், "காலனியில் எத்தனை ஆண்டு" என எல்லாம் அதில் இருக்கும். 1860இல் இறந்தவருக்கு "45 ஆண்டு" என்று எழுதியிருந்தால் 1815 வாக்கில் வந்தவர் என்று கணக்குப் போடலாம். ஆனால் அந்த விவரங்களைச் சொன்னவர் மகனாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார், அவருக்குத் தெரிந்ததுதான் அதில் ஏறியிருக்கும். 1856க்கு முன் இறந்தவர் என்றால் தேவாலயப் பதிவேடுகள்தான் வழி. டாஸ்மேனியாவில் அரசுப் பதிவு 1838லேயே வந்துவிட்டது.

"அவர் கைதியா வந்தாரா, சுதந்திரமா வந்தாரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

முதலில் காலத்தைப் பாருங்கள். நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகள் வருவது 1840இல் ஏறக்குறைய நின்றுவிட்டது. டாஸ்மேனியாவுக்கு 1853 வரை வந்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு 1850இல் தொடங்கி 1868 வரை வந்தார்கள். தெற்கு ஆஸ்திரேலியா கைதிகளை ஏற்கவே இல்லை.

நியூ சவுத் வேல்ஸ்காரர் என்றால் 1828 நவம்பரில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு அருமையானது. பெயர், வயது, வந்த கப்பல், ஆண்டு, தண்டனை, மதம், தொழில், ஊர் எல்லாம் இருக்கும். நிலம் வைத்திருந்தவர் என்றால் மொத்தம் எத்தனை ஏக்கர், எவ்வளவு காடு வெட்டித் திருத்தியது, எவ்வளவு பயிர், குதிரை எத்தனை, மாடு, ஆடு எத்தனை என்பதும் இருக்கும். விவசாயி ஒருவரின் முழு வாழ்க்கையும் ஒரே வரியில் வந்துவிடும்.

அதில் சுருக்கெழுத்துகளைக் கவனியுங்கள். பி.சி. என்றால் காலனியிலேயே பிறந்தவர். எஃப்.எஸ். என்றால் தண்டனை முடித்து விடுதலையானவர். டி.எல். என்றால் டிக்கெட் ஆஃப் லீவ், அதாவது தண்டனைக் காலத்திலேயே தானே வேலை தேடிக்கொள்ளும் அனுமதிச் சீட்டு, வைத்திருப்பவர். இந்தக் கணக்கில் சி.எஃப். என்றால் சுதந்திரமாக வந்தவர். ஆனால் வேறு கைதி ஆவணங்களில் அதே சி.எஃப். விடுதலைச் சான்றிதழைக் குறிக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் ஏராளம்.

"ஒரே பேர்ல பத்துப் பேர் வர்றாங்க. இதுல எங்க ஆள் யாரு?"

கப்பலைப் பிடியுங்கள். காலனி அதிகாரிகளுக்கும் இதே தலைவலி இருந்தது. அதனால்தான் கைதி எங்கே போனாலும் பெயரோடு கப்பல் பெயரையும் சேர்த்தே எழுதினார்கள். தண்டனை முடிந்து முப்பது வருடம் கழித்தும் அந்தக் கப்பல் பெயர் அவர்களை விடவில்லை. ஆண்டையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கில்ட்ஃபோர்டு என்ற ஒரே கப்பல் எட்டு முறை கைதிகளைக் கொண்டுவந்தது.

ஒரே கப்பலில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் விசாரணை நடந்த ஊர், தண்டனைக் காலம், வயது மூன்றையும் ஒப்பிடுங்கள். அதிலும் தீராவிட்டால் அங்க அடையாளம். கப்பல் பட்டியல்கள், அதாவது இண்டென்ட், தொடக்க காலத்தில் வெறும் பெயர்ப் பட்டியல்தான். 1820களின் பிற்பகுதியிலிருந்து உயரம், கண் நிறம், தழும்பு, பச்சை குத்தியிருந்தது வரை எழுதினார்கள். நங்கூரம், இதயம், மனைவி மக்களின் பெயர் முதலெழுத்துகள் என்று கையில் குத்திக்கொண்டு வந்தவர்கள் நிறைய. அந்த எழுத்துகளை வைத்தே இங்கிலாந்தில் விட்டுவந்த குடும்பத்தை அடையாளம் காண முடிந்த நேரங்களும் உண்டு. எனக்கு இந்தத் தேடலிலேயே மிகவும் பிடித்த ஆவணம் இதுதான்.

"என்ன குத்தம் பண்ணினார்னு முழுக் கதையும் கிடைக்குமா?"

லண்டனில் விசாரணை நடந்திருந்தால் உங்களுக்கு யோகம். ஓல்டு பெய்லி நீதிமன்ற நடவடிக்கைகள் 1674 முதல் 1913 வரை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சாட்சி சொன்னது, சில வழக்குகளில் குற்றவாளிக் கூண்டிலிருந்து அவரே சொன்னது எல்லாம் படிக்கலாம். மற்ற மாவட்டங்களில் பல வழக்குகளைச் சுற்று நீதிமன்றங்கள் விசாரித்தன. அந்த ஆவணங்கள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சாட்சிகளின் வாக்குமூலம் எல்லா வழக்குக்கும் மிஞ்சவில்லை. அந்தந்த ஊர்ப் பத்திரிகையில் வந்த சிறு செய்தி பல நேரம் அதைவிட உதவும்.

கருணை மனுக்களையும் விடாதீர்கள். "இவன் நல்லவன், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று ஊர்க்காரர்களும் பாதிரியாரும் கையெழுத்திட்ட மனுக்கள் உள்துறைக் கோப்புகளில் உள்ளன. வழக்கு என்பது அவர் வாழ்க்கையில் ஒரு நாள்தான். மனுவில் அதற்கு முந்தைய வாழ்க்கை தெரியும்.

"எங்க ஆள் ஐரிஷ். அங்கே எல்லாம் எரிஞ்சு போச்சாமே?"

நிறைய எரிந்தது உண்மை. 1922இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத் தீயில் 1836க்கு முந்தைய நாடு கடத்தல் பதிவேடுகள் போய்விட்டன. ஆனால் மனுக்களில் பல தப்பின. அயர்லாந்து அரசு மிஞ்சியவற்றைப் படியெடுத்து 1988இல் ஆஸ்திரேலியாவுக்குப் பரிசாகக் கொடுத்தது, அதைப் பெயர் வைத்துத் தேடலாம். அதிலும் இல்லையென்றால் இந்தப் பக்கம் உள்ள கப்பல் பட்டியலை நம்புங்கள். பல ஐரிஷ்காரர்களுக்குச் சொந்த மாவட்டம் எது என்று சொல்லும் ஒரே காகிதம் அதுதான்.

"டிக்கெட் ஆஃப் லீவ், மன்னிப்பு, சான்றிதழ்னு என்னென்னமோ இருக்கு. இதுல எது விடுதலை?"

டிக்கெட் ஆஃப் லீவ் விடுதலை அல்ல. 1801இல் ஆளுநர் கிங் கொண்டுவந்தது. எஜமானரிடம் ஒப்படைக்கப்பட்ட கைதி, அதற்குப் பதிலாகத் தானே கூலி பேசி வேலை பார்க்கலாம், நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கலாம். ஆனால் குறித்த மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. பின்னாளில் இருந்த விதிப்படி ஒரே எஜமானரிடம் ஒழுங்காக இருந்தால் 7 ஆண்டுக் கைதிக்கு 4 ஆண்டிலும், 14 ஆண்டுக் கைதிக்கு 6 ஆண்டிலும், ஆயுள் கைதிக்கு 8 ஆண்டிலும் கிடைத்தது. தப்புச் செய்தால் பிடுங்கிவிடுவார்கள்.

தண்டனைக் காலம் முழுதும் முடிந்தால் விடுதலைச் சான்றிதழ். ஆயுள் கைதிக்கு அது கிடையாது, மன்னிப்பு ஒன்றுதான் வழி. நிபந்தனை மன்னிப்பு பெற்றவர் காலனியில் சுதந்திரமானவர், பிரிட்டனுக்குத் திரும்ப முடியாது. முழு மன்னிப்பு பெற்றவர் எங்கும் போகலாம். இவற்றில் பலவற்றின் அடிக்கட்டைகளும் பதிவேடுகளும் நியூ சவுத் வேல்ஸ் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்க அடையாளம் அவற்றிலும் இருக்கும். முதலில் எழுதிய இண்டென்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் கை விரல் ஒன்று போயிருக்கும், முதுகு கூனியிருக்கும். அங்கே அவர் பார்த்த வேலை உடம்பில் எழுதியிருக்கும்.

"கைதிக்குப் போய் நிலம் ஏன் குடுத்தாங்க?"

காலனிக்குச் சோறு வேண்டியிருந்தது. முதல் ஆண்டுகளில் பட்டினி எல்லைக்கே போனார்கள். முதல் ஆளுநர் ஃபிலிப்புக்குக் கொடுத்த உத்தரவுப்படி, விடுதலையான கைதிக்கு 30 ஏக்கர், மணமானவர் என்றால் கூடுதலாக 20, பிள்ளை ஒன்றுக்கு 10. பத்து ஆண்டுக்கு வரி இல்லை. ஓராண்டுக்கு உணவு, கருவி, விதை, கொஞ்சம் கால்நடையும் கொடுக்க வேண்டும்.

இதில் முதல் ஆள் ஜேம்ஸ் ரூஸ். கார்ன்வாலைச் சேர்ந்தவர். 1782இல் வீடு புகுந்து இரண்டு வெள்ளிக் கடிகாரங்களைத் திருடியதற்குத் தூக்குத் தண்டனை பெற்று, அது 7 ஆண்டு நாடு கடத்தலாகக் குறைந்தது. சிறைக் கப்பலில் கிடந்துவிட்டு ஸ்கார்பரோ கப்பலில் வந்தார். 1789இல் "என் தண்டனை முடிந்துவிட்டது, நிலம் கொடுங்கள்" என்று கேட்டார். அதைச் சரிபார்க்க ஆளுநரிடம் வழியில்லை, தண்டனை விவரக் காகிதங்களை இங்கிலாந்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இருந்தாலும் பரமட்டாவில் ஓர் இடத்தில் பயிரிட்டுப் பார்க்க விட்டார். ரூஸ் மரங்களை எரித்து, சாம்பலை மண்ணோடு கொத்திக் கலந்து, மண்வெட்டியாலேயே பண்படுத்தினார். 1791 தொடக்கத்தில் இனி அரசு உணவு வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு வந்து, அந்த ஆண்டே 30 ஏக்கருக்குப் பத்திரம் பெற்றார்.

கதை அங்கே நின்றுவிடவில்லை. 1793இல் அதை 40 பவுனுக்கு விற்றுவிட்டு ஹாக்ஸ்பரி ஆற்றங்கரைக்குப் போனார். 1828 கணக்கில் பார்த்தால் இன்னொருவர் பண்ணையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். 1837இல் இறந்து கேம்பல்டவுனில் அடக்கமானார், முதல் தானியத்தை விதைத்தது தானே என்று கல்லறைக் கல்லில் எழுதியிருக்கிறது. நாட்டின் முதல் பட்டாக்காரரே நிலத்தைத் தக்கவைக்க முடியாமல் போனார் என்றால், உங்கள் பாட்டனார் விற்றுவிட்டார் என்பதற்காக அவர் சோம்பேறி என்றோ குடிகாரர் என்றோ முடிவு கட்டிவிடக் கூடாது. ஹாக்ஸ்பரி மண் செழிப்பானது, ஆனால் ஆறு அடிக்கடி கரை புரளும். 1806 மார்ச் வெள்ளத்தில் அங்கிருந்த விளைச்சல் பெருமளவு அடித்துப் போனது. கடன்காரர் நிலத்தை எடுத்துக்கொண்டதும் நடந்தது.

"அந்த நிலம் இப்போ எங்கே இருக்கு? போய்ப் பார்க்கலாமா?"

பல நேரம் பார்க்கலாம். பாரிஷ் வரைபடங்கள் என்று பழைய நில வரைபடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு துண்டின் மேலும் முதன்முதலில் பெற்றவரின் பெயரும் ஏக்கரும் எழுதியிருக்கும். நியூ சவுத் வேல்ஸ் வரைபடங்களை அரசின் நிலப் பதிவுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அரசு நிலம் கொடுத்ததைப் பதிந்த மானியப் பதிவேட்டில் தேதி, எல்லை, நிபந்தனை கிடைக்கும். பத்திரத் தேதிக்குப் பல ஆண்டு முன்பே அவர் அங்கே குடியிருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு கை மாறியதைத் தேடுவது நம்மூரில் மூலப் பத்திரமும் வில்லங்கமும் பார்ப்பது மாதிரிதான். 1863க்கு முன் நியூ சவுத் வேல்ஸில் தனி உரிமைப் பதிவு முறை இல்லை, பத்திரத்துக்கு முந்தைய பத்திரம் என்று சங்கிலியாகப் போக வேண்டும். பொறுமை வேண்டும், ஆனால் அடமானம், கடன், அண்டை வீட்டுக்காரர், யார் கையெழுத்துப் போட்டார், யார் கீறல் வைத்தார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

அண்டை நிலத்துக்காரர்களின் பெயர்களையும் வரைபடத்திலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். கல்யாணச் சாட்சி, ஞானஸ்நானத்துக்கு நின்றவர், பிள்ளைகளின் மாமனார் எல்லாரும் பெரும்பாலும் அந்த நாலைந்து பெயர்களுக்குள்ளேயே இருப்பார்கள். ஒரே கப்பலில் வந்தவர்களும் அதில் இருப்பார்கள்.

"எங்க ஆள் 1835ல வந்தார். மானியப் பட்டியல்ல பேரே இல்லையே, ஆனா விவசாயின்னு இருக்கு?"

1831இல் இலவச மானியம் நின்றுவிட்டது. அதற்கப்புறம் அரசு நிலம் ஏலத்தில்தான், குறைந்த விலை ஏக்கருக்கு 5 ஷில்லிங், பிறகு அதுவும் ஏறியது. அதனால் தாமதமாக வந்தவர்கள் பல காலம் குத்தகைக்காரர்களாக இருந்தார்கள். 1861இல் ராபர்ட்சன் சட்டங்கள் வந்தபின் 40 முதல் 320 ஏக்கர் வரை ஏக்கர் ஒரு பவுனுக்கு, கால் பங்கு முன்பணம் கட்டித் தேர்ந்தெடுக்க முடிந்தது. உங்கள் ஆளை அந்தப் பதிவுகளில் தேடுங்கள். அவருக்கு வயதாகியிருந்தால் பிள்ளைகள் பெயரில் தேடுங்கள்.

குத்தகைக்காரருக்குப் பத்திரம் மிஞ்சாது. பத்திரிகைகள்தான் கை கொடுக்கும். தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் 1803இல் தொடங்கிய சிட்னி கெசட் உட்படப் பழைய பத்திரிகைகளை இலவசமாகத் தேடலாம். காணாமல் போன மாடு, ஏலம், வெள்ளம், வாய்க்கால் சண்டை என்று அவருடைய அன்றாடம் அங்கே சிதறிக் கிடக்கும்.

"டாஸ்மேனியாவுக்குப் போனவர். அவரோட பதிவுல கசையடி கசையடின்னு இருக்கு. அவ்வளவு மோசமானவரா?"

டாஸ்மேனியாவின் நடத்தைப் பதிவேடுகள் உலகிலேயே சாதாரண மனிதர்களைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதிய அபூர்வ ஆவணங்களில் சேரும். ஆஸ்திரேலியக் கைதி ஆவணங்கள் 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. டாஸ்மேனியா நூலகத் தளத்தில் பெயர் வைத்துத் தேடினால் மூலப் பக்கத்தின் படமே கிடைக்கும்.

ஆனால் அதை எழுதியவர் யார் என்று யோசியுங்கள். எஜமானர் தானே அடிக்க முடியாது, மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். அந்த மாஜிஸ்திரேட்டும் பெரும்பாலும் கைதிகளை வைத்து வேலை வாங்கிய இன்னொரு பண்ணைக்காரர். "திமிராகப் பேசினான்", "வேலையை அலட்சியம் செய்தான்" என்ற குற்றங்களுக்கு 25, 50 அடி. அவர் ஒழுங்காக உழைத்த நாட்களை யாரும் பதியவில்லை. வரிசையாகத் தண்டனை வந்து திடீரென்று நின்றால், அந்த ஆண்டில் எஜமானர் மாறினாரா என்று பாருங்கள்.

"பாட்டி பத்தி ஒண்ணுமே கிடைக்கலையே?"

பெண் கைதிகள் சுமார் 25,000 பேர். அவர்களுக்கும் இண்டென்ட், நடத்தைப் பதிவு எல்லாம் உண்டு. தேட வேண்டிய இடங்கள் பரமட்டாவிலும் ஹோபார்ட்டின் கேஸ்கேட்ஸிலும் இருந்த பெண்கள் சிறைத் தொழிற்சாலைகள். நிலப் பதிவுகளில் பெண் பெயர் வராமல் போவதற்குக் காரணம், கல்யாணமானதும் சொத்து கணவன் பெயரில் போனது. ரூஸ் 1790இல் மணந்த எலிசபெத் பெர்ரியும் அந்த ஆண்டு லேடி ஜூலியானா கப்பலில் வந்த கைதிதான். அந்த முதல் பண்ணையில் அவர் உழைப்பும் இருக்கிறது, பத்திரத்தில் அவர் பெயரைத் தேடினால் ஏமாற்றம்தான். கணவரின் மனு, உயில், ஞானஸ்நானப் பதிவு வழியாகத்தான் போக வேண்டும்.

"இங்கிலாந்துலயும் ஒரு மனைவி, இங்கேயும் ஒரு மனைவி. இது எப்படி?"

நிறைய நடந்தது. கடல் தாண்டிப் போனவர் திரும்ப வருவார் என்று இரண்டு பக்கத்திலும் யாரும் எதிர்பார்க்கவில்லை. கைதி கல்யாணம் செய்ய அரசு அனுமதி தேவை. 1826 முதல் 1851 வரையான அந்த விண்ணப்பப் பதிவேட்டில் "வந்தபோது மணமானவன் என்று சொன்னான்" என்று காரணம் காட்டி மறுத்த வரிகளைப் பார்க்கலாம். அதனால் அனுமதி மறுக்கப்பட்டவரின் பிள்ளைகள் திருமணப் பதிவே இல்லாமல் பிறந்திருப்பார்கள்.

சிலர் மனைவி மக்களை அரசுச் செலவில் வரவழைக்க மனுப்போட்டார்கள். அந்த மனு கிடைத்தால் கிராமம் வரை விலாசம் கிடைத்த மாதிரி. கருணை மனுவைப் பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்.

"அவரே சொன்ன வார்த்தைன்னு ஏதாவது கிடைக்குமா?"

காலனிச் செயலாளரின் கோப்புகளைப் பாருங்கள், 1788 முதல் 1825 வரையானவற்றுக்குப் பெயர் அட்டவணை உண்டு. நிலம் கேட்டும் மன்னிப்புக் கேட்டும் ஆளுநருக்கு எழுதிய மனுக்கள் அதில் இருக்கின்றன. "இன்ன கப்பலில் வந்தேன், இத்தனை ஆண்டு இன்னாரிடம் உழைத்தேன், மனைவி, நான்கு பிள்ளைகள், நிலம் தந்தால் பிழைத்துக்கொள்வேன்" என்ற பாணியில் இருக்கும். எழுதிக் கொடுத்தது எழுத்தராக இருக்கலாம், ஆனால் அதில் எதைச் சொல்ல வேண்டும் என்று தேர்ந்தது அவர். மற்ற ஆவணங்கள் எல்லாம் அவரைக் கட்டுப்படுத்தியவர்கள் எழுதியவை.

"அவருக்குக் குடுத்த நிலம் முதல்ல யாரோடது?"

இதை அதிகம் பேர் கேட்பதில்லை, கேட்க வேண்டும். ரூஸின் பரமட்டா நிலம் பரமட்டகால் என்ற பூர்வகுடி மக்களுடையது. ஹாக்ஸ்பரி ஆற்றுக்கு தரக் என்ற பூர்வகுடி மக்கள் வைத்த பெயர் டியராபின். அந்தக் கரையில் அவர்கள் தோண்டி உண்ட காட்டுக் கிழங்குகள் இருந்த இடத்தில்தான் 1794 முதல் மக்காச்சோளம் விதைத்தார்கள். பசியில் சோளம் பறிக்க வந்தவர்களைச் சுட்டார்கள், பதிலுக்குப் பண்ணைகள் எரிந்தன. 1816 ஏப்ரலில் அப்பின் அருகே ஆளுநர் மெக்வாரி அனுப்பிய படை இரவில் ஒரு பூர்வகுடி முகாமைத் தாக்கி, குறைந்தது 14 பேரைக் கொன்றது. டாஸ்மேனியாவில் 1828 முதல் 1832 வரை பூர்வகுடிகளுக்கு எதிராக இராணுவச் சட்டமே இருந்தது.

உங்கள் பாட்டனார் அந்த ஆண்டுகளில் அந்த ஆற்றங்கரையில் இருந்திருந்தால் இந்தப் பக்கமும் அவர் வாழ்க்கையில் சேர்ந்ததுதான். அந்த வட்டாரத்து மாஜிஸ்திரேட் வாக்குமூலங்கள், பத்திரிகைச் செய்திகள் எல்லாவற்றிலும் தேடுங்கள். பெயர் வராவிட்டாலும், அது யார் மண் என்பதைப் பேரப்பிள்ளையின் வம்சாவளியில் எழுதுங்கள். சொந்த ஊரிலிருந்து பிடுங்கப்பட்டவர் இன்னொருவரைப் பிடுங்கிய இடத்தில் குடியேறினார். இரண்டில் ஒன்றை மட்டும் எழுதினால் அது பாதி வரலாறு.

"டி.என்.ஏ. சோதனை பண்ணினா போதாதா?"

உறவு உண்டா என்று சொல்லும், யார் என்று சொல்லாது. இங்கிலாந்தில் ஒரு தூரத்து உறவு பொருந்தினால், காகிதத்தில் நீங்கள் ஏற்கெனவே சந்தேகித்த குடும்பத்தை உறுதிப்படுத்தலாம். ஐந்தாறு தலைமுறைக்கு அப்பால் சில வாரிசுகளிடம் அவருடைய மரபணுத் துளிகூட மிஞ்சியிருக்காது. வீட்டில் வயதில் மூத்தவரைச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

"நம்ம ஊர்ல இருந்து இப்படி அனுப்பப்பட்டவங்க இருக்காங்களா? அவங்களையும் தேட முடியுமா?"

இருக்கிறார்கள். மருது சகோதரர்களை 1801இல் தூக்கிலிட்டபின், சிவகங்கையின் வேங்கை பெரிய உடையணத் தேவர், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோரை 1802இல் பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். சென்னை மாகாணத்துக் கைதிகள் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூருக்குப் போய்ச் சாலையும் கட்டடமும் கட்டினார்கள். அங்கே எஞ்சியிருந்தவர்களை 1873இல் அந்தமானுக்கு மாற்றினார்கள். அந்தமானில் 1858இல் தொடங்கிய குடியிருப்பில், பல ஆண்டு ஒழுங்காக இருந்த கைதிக்கு டிக்கெட் ஆஃப் லீவ் போன்ற சீட்டும் பயிரிட நிலமும் கொடுத்தார்கள். அவர்களுடைய வாரிசுகள் இன்றும் போர்ட் பிளேரை (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சுற்றி "லோக்கல் பார்ன்" என்ற பெயரில் வாழ்கிறார்கள்.

தேடும் முறை மேலே சொன்னதுதான், கிடைப்பது குறைவு. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் நீதித்துறை நடவடிக்கைத் தொகுதிகளும், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்திய அலுவலக ஆவணங்களும் இருக்கின்றன. நம் பெயர்களை ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஒரே பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். தந்தை பெயர், சாதி, கிராமம், எந்த ஜில்லா நீதிமன்றம், தண்டனை ஆண்டு ஆகியவற்றில் குறைந்தது மூன்று விவரமாவது கையில் இருந்தால்தான் அங்கே போய் உட்காருங்கள். ஊரில் "அந்தமானுக்குப் போனார்" என்று ஒரு பெரியவர் சொன்னால், கூடவே எந்தச் சண்டையில், எந்த ஊர்க் கோர்ட்டில் என்று அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.